தலை கான்சாஸில், கால் ஓக்லஹோமாவில்

"தள்ளுடா!"

"தள்றேன் சித்தி!"

"மூச்சு விடறதுக்குப் பேரு தள்றதா? தோளைக் கொடு!"

ரஸ்டி கெம்பிள் தோளைக் கொடுத்தான். முப்பது வயது, பழுதான லாரிகளை இழுத்துப் பிழைக்கும் தோள். ஆனாலும் அந்த இரும்புக் கட்டில் அசையவில்லை. அசையாததற்கு இன்னொரு காரணம், அதன்மேல் ஹார்லன் ஸ்டால்கப் தொப்பியை வயிற்றில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார்.

"தம்பி, என்னை எத்தனையோ காளை முட்டித் தள்ளியிருக்கு. உன்னை மாதிரி ஒரு காளை வந்திருந்தா இன்னிக்கு நான் எழுந்து நடந்துட்டிருப்பேன்" என்றார் ஹார்லன்.

"நீங்க கொஞ்சம் இறங்கினா..."

"இறங்கத்தான் முடியாதே. அதுக்குத்தானேடா கட்டில்."

டெல்மா கெம்பிள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தரையில் முழங்கால் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கட்டிலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் ஆலங்கட்டி மழைக்கு நஷ்ட ஈடு கணக்கிடும் இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளராகக் கூரை கூரையாக ஏறியவள். இப்போது டன்லோ ஊரின் ஒரே துப்பறிவாளர். ரஸ்டி அவளுடைய முன்னாள் கணவரின் அண்ணன் மகன். "சித்தப்பாவைத்தானே விவாகரத்து பண்ணீங்க, என்னை இல்லையே" என்று சொல்லி உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன்.

"சித்தி, ஒரு சந்தேகம். ராய்ஸ் வர்றதுக்குள்ள கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிட்டா அது சாட்சியத்தைக் கலைக்கிறது இல்லையா?"

டெல்மா டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "தள்றதுக்காகத் தள்ளச் சொல்லல. தள்ள முடியுதான்னு பாக்கத்தான். இன்னும் ஒரு தடவை."

ரஸ்டி பல்லைக் கடித்து முட்டினான். கட்டில் இரண்டு விரல் உயரம் எழும்பியது. ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு 'கடக்'கென்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

"அவ்வளவுதான். போதும்" என்றாள் டெல்மா. முகத்தில், ஓடு மாற்றாமலே புது ஓட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டவனைப் பிடித்த சந்தோஷம்.

சிக்கல் இதுதான்.

ஸ்டால்கப் ஹால் ஒரு காலத்தில் நடன மண்டபம்; இப்போது ஹார்லனின் வீடு, புத்தாண்டுக்கு மட்டும் ஊரே கூடி ஆடும். ஹார்லனின் தாத்தா மாநில எல்லைமேலேயே கட்டியது. நூற்றுச் சொச்ச அடி நீளத்துக்கு ஒரே கூடம். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் குறுக்கே ஓடுகிறது மஞ்சள் கோடு. கோட்டுக்கு வடக்கே கான்சாஸ், தெற்கே ஓக்லஹோமா.

ரோடியோ என்ற காளைச் சவாரிப் பந்தயத்தில் காளைக்கு முன்னால் ஓடி வீரனைக் காப்பாற்றும் கோமாளியாக இருந்தவர் ஹார்லன். ஒரு காளை அவர் முதுகெலும்போடு விளையாடிவிட்டது. அதிலிருந்து கால்கள் நடக்காது. ஆனால் ராத்திரியெல்லாம் துடிக்கும், உதைக்கும், அவரையே கட்டிலிலிருந்து தள்ளிவிடும். அதை அடக்குவது நாக்குக்கு அடியில் விடும் கஞ்சாச் சொட்டு மருந்து ஒன்றுதான். ஓக்லஹோமாவில் டாக்டர் எழுதித் தந்து, அரசாங்கம் நோயாளி அட்டை தந்து, பச்சைச் சிலுவை போட்ட கடையில் முறைப்படி வாங்குவது. அதே புட்டி கோட்டுக்கு வடக்கே போனால் குற்றம்.

புத்தாண்டுக்கு ஹார்லன் ஊரில் இல்லை. பித்தப்பைக் கல்லுக்காக விச்சிட்டா ஆஸ்பத்திரியில் கிடந்தார். முந்தாநாள் இரவு திரும்பினார். ஆஸ்பத்திரி மாத்திரையின் மயக்கத்தில் நேற்று முழுக்கத் தூங்கினார். இன்று காலை கதவைத் தட்டியவன் கான்சாஸ் பக்கத்துப் போலீஸ் டெபுடி ராய்ஸ் டிட்வெல். கையில் கேமரா. பேர் சொல்லாமல் யாரோ போனில் புகார் கொடுத்தார்களாம்.

மஞ்சள் கோடு ஹார்லனின் கழுத்துக்கு நேர் கீழே ஓடியது. போன வருடம் வரை அது தலைமாட்டுக் கம்பிக்கு வெளியே இருந்தது. இப்போது தலையும் தலையணையும், அதன் பக்கத்து முக்காலியில் மருந்துப் புட்டியும் கான்சாஸில்.

"நடனத்துக்கு இடம் பண்ணக் கட்டிலை நகர்த்தியிருப்பாங்க. ஆனா போட்டோ போட்டோதான்" என்று சொல்லிவிட்டு, நீதிபதியிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தான் ராய்ஸ். மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்புவான். புட்டி போகும், ஹார்லனும் போவார். விஷயம் தெரிந்தால் ஓக்லஹோமா அட்டையும் போகும். ஓக்லஹோமாவில் குடியிருப்பவருக்குத்தான் அட்டை.

"கால் வலிக்கிறது ஓக்லஹோமாவில. மருந்து குடிக்கிற வாய் கான்சாஸில. நல்ல தமாஷ். நான் ரோடியோவில இருக்கறப்ப இதைச் சொல்லியிருக்கணும்" என்றார் ஹார்லன். சிரித்தார். கம்பளிக்குள் அவருடைய இடது கால் மட்டும் சிரிக்காமல் ஒரு முறை துடித்தது.

"தலையணையைக் கால்மாட்டுக்கு மாத்திடலாமே" என்றான் ரஸ்டி.

"போட்டோவில மாத்துவியா?" என்றாள் டெல்மா.

"ஓ."

"அது சரி டெல்மா, உன்னை யாரு கூப்பிட்டா? நான் கூப்பிடல. ராய்ஸ் வாசல்ல வண்டி எடுக்கறான், நீ வாசல்ல வந்து நிக்கற" என்றார் ஹார்லன்.

"கட்சிக்காரர் பேரை வெளில சொல்றதில்ல."

ரஸ்டி காதைத் தீட்டிக்கொண்டான். "நமக்குக் கட்சிக்காரர் வேற இருக்காங்களா? எனக்கே தெரியாது. முன்பணம் வந்துதா?"

"வந்துது."

"எங்க? ஆபீஸ்ல நேத்து மேசைமேல இருந்தது ஒரு சட்டி பீன்ஸ் சில்லிக் குழம்பும் ஆறு இலவங்கப்பட்டை ரோலும்தான். யாரு வச்சதுன்னு தெரியல, பாழாப் போகக்கூடாதேன்னு சாப்பிட்டேன். காரமான சில்லிக்கு இனிப்பு ரோலைத் தொட்டுக்கறாங்க இந்தக் கான்சாஸ்காரங்க. நாக்கா அது, என்ன?"

"ஆறையுமா?"

"நாக்கு பழகிடுச்சு சித்தி."

டெல்மா அவனைத் தரைக்கு இழுத்தாள். "இங்க பாரு. கட்டில் கால் எதுக்குள்ள உக்காந்திருக்கு?"

நான்கு கால்களும் பலகையில் நான்கு குழிகளுக்குள் இருந்தன. குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழத்திருந்தது. அடியில் பல வருடத்துத் தரை மெழுகு கறுத்துக் கிடந்தது.

"நேத்து சுத்தியலால தட்டின குழியைப் போன மாசத்து ஆலங்கட்டின்னு சொல்ற ஆளுங்களை நான் வாழ்நாள் பூரா பாத்திருக்கேன். புதுக் குழி பளபளக்கும். பழைய குழி அழுக்கைச் சேத்து வச்சிருக்கும். இது பழைய குழி. வேற எங்கயாவது புதுக் குழி இருக்கா? கீறல் இருக்கா? இல்ல. இந்தக் கட்டில் நகரவே இல்ல ரஸ்டி."

"அப்படின்னா?"

"கோடு நகர்ந்திருக்கு."

ஹார்லன் தொப்பியை வயிற்றிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். முக்கியமான சமயங்களில் மட்டும் அப்படிச் செய்வார்.

டெல்மா சாவியின் நுனியால் மஞ்சள் கோட்டைச் சுரண்டினாள். ஒரே சுரண்டல். கீழே வெறும் மரம்.

"வருஷா வருஷம் இந்தக் கோட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. எத்தனை வருஷமா?"

"தாத்தா காலத்திலேருந்து. எழுபத்தஞ்சு வருஷம் இருக்கும்" என்றார் ஹார்லன்.

"அப்ப பெயிண்ட் பான்கேக் கனத்துக்கு ஏறியிருக்கணும். இங்க ஒரே ஒரு கோட்டிங்தான். இந்த வருஷம் யாரு அடிச்சது?"

"மெர்ல். வேற யாரு, குடிக்காத ஆளு அவன் ஒருத்தன்தானே."

மெர்ல் ஹட்சன் தெருவுக்கு எதிரே உணவுக்கடை வைத்திருந்தார். பஞ்சுப்பஞ்சான நரை மீசை. வடக்குக் காற்று கதவை உதைத்துக் கொண்டிருந்தது. டெல்மாவும் ரஸ்டியும் உள்ளே நுழைந்ததுமே காபி ஊற்றினார்.

"டெல்மா அக்கா, பாவம் ஹார்லன். யாரோ கட்டிலை நகர்த்தி..."

"யாரும் நகர்த்தல. நீங்கதான் கான்சாஸை நகர்த்தியிருக்கீங்க."

மெர்லின் கெண்டி பாதியில் நின்றது. "நானா? ஏதோ ஒரு தடவை உப்பு ஜாஸ்தியாப் போட்டிருப்பேன். மாநிலத்தையெல்லாம் நகர்த்தற ஆளு இல்லக்கா."

"கோடு எப்படிப் போட்டீங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"எப்பவும் போடற மாதிரிதான். புத்தாண்டு ராத்திரி பன்னண்டு அடிச்சதும் பாட்டு நிக்கும். கோடு போடறவன் ஓக்லஹோமா பக்கம் முட்டி போடணும். கயிறு பிடிச்சு, பழைய கோட்டை ஒட்டினாப்ல புதுக்கோடு போடணும். மறுநாள் பழசைச் சுரண்டி எடுத்துட்டு மெழுகு தேய்ச்சிடுவோம்."

"பழைய கோட்டுமேலயே அடிச்சா என்ன?"

மெர்ல் அதிர்ந்துபோனார். "போன வருஷத்துமேல பூசறதா? அந்த வருஷத்துக் கஷ்டம் அப்படியே தொடருமே! யாராவது செய்வாங்களா?"

"சரி. ஏன் ஓக்லஹோமா பக்கம் முட்டி போடணும்?"

"அது தாத்தா ஸ்டால்கப் வச்ச சட்டம். அப்ப கான்சாஸில சாராயம் வந்தாச்சு, ஓக்லஹோமாவில தடை. கோடு போடறவன் வடக்கே உக்காந்தா ஆளாளுக்குக் கையில கிளாஸைத் திணிச்சுடுவாங்க, கோடு பாம்பாப் போயிடும். அதான் தடை இருக்கிற பக்கம் உக்காரணும். இப்பப் பாருங்க, எல்லாமே தலைகீழ். அந்தக் காலத்தில தாகத்துக்கு வடக்கே ஓடினாங்க. இப்ப வலிக்குத் தெற்கே ஓடறாங்க."

"அதாவது, தெற்கே உக்காந்து, உங்க பக்கமா, பழைய கோட்டை ஒட்டி."

"ஆமா."

"எழுபத்தஞ்சு வருஷமா."

"ஆ..." மெர்லின் மீசை கீழே தொங்கியது.

ரஸ்டி விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, விரல் போதாமல் நிறுத்தினான். "சித்தி, வருஷத்துக்கு ஒரு சாண்! ஒரு குண்டு சுடாம, ஒரு குதிரை ஏறாம, கான்சாஸ் ஐம்பது அடிக்கு மேல ஓக்லஹோமாவைப் பிடிச்சிருக்கு! அதுவும் பெயிண்ட் பிரஷ்ஷால!"

"எப்படி யாருமே கவனிக்கல?" என்றார் மெர்ல் பரிதாபமாக.

"ஒரு சாண்தானே. நம்ம இடுப்பு பெருக்கறதை நம்ம கவனிக்கிறோமா?" என்றாள் டெல்மா. "கணக்கு சரி. ஆனா ராய்ஸுக்குக் கணக்குப் பத்தாது. உண்மையான எல்லை எங்கன்னு கையால தொட்டுக் காட்டணும்."

மூவரும் ஹாலுக்கு ஓடி வந்தார்கள். டெல்மா டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தாள். மஞ்சள் கோட்டுக்கு வடக்கே, மெழுகுக்கு அடியில், சுரண்டிய வடுக்கள் தெரிந்தன. ஒரு சாணுக்கு ஒன்று, கோடு போட்ட நோட்டுக் காகிதம் மாதிரி, வடக்கே போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு பலகைச் சுவரில் முட்டி மறைந்தன.

ஹார்லன் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப கோடு இப்ப அந்தச் சுவர் இருக்கிற இடத்துகிட்ட இருந்தாப்ல ஒரு ஞாபகம். சின்ன வயசில எல்லாமே தூரமாத் தெரியும்னு விட்டுட்டேன்."

"சுவருக்கு அந்தாண்ட என்ன?"

"லவோன் வீடு. ராய்ஸோட அம்மா. முன்னாடி அதான் சாராய பார். பிற்பாடு தடுத்து அவளுக்கு விட்டுட்டோம்."

டெல்மா நின்றாள். "ஹார்லன், உங்க தாத்தா முட்டாளா?"

"என்னோட தாத்தாதான். ஆனா முட்டாள் இல்ல."

"பாதி ஹால் கான்சாஸ்னா, பாரை நட்டநடுவில போட்டிருக்கலாமே? ஜனம் கூடற இடத்தை விட்டுட்டு, கடைக்கோடியில ஒரு அலமாரி மாதிரி மூலைல எதுக்கு அடைச்சாரு?"

பதிலை ரஸ்டியே சொன்னான். "ஏன்னா அந்த மூலை மட்டும்தான் கான்சாஸ்."

"சில்லி மூளைக்கும் நல்லதுதான் போலிருக்கு" என்றாள் டெல்மா.

லவோன் டிட்வெல் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து பட்டை வாசனை ஆளை இழுத்தது. எழுபது வயது. ஒரு காலத்தில் இதே ஹாலில் மைக் பிடித்துப் பாடியவர். உதட்டுச் சாயம் இன்றும் குறைவில்லை. கவுன் மட்டும் இரண்டு அளவு பெரியதாகத் தொங்கியது.

"வாடி டெல்மா. கால்ல இருக்கிற மண்ணைத் தட்டிட்டு வா. டேய் ரஸ்டி, ரோல் ஆறறதுக்குள்ள எடுத்துக்க."

"நீங்க சாப்பிடலையா?"

"நான் மோந்து பாக்கறதோட சரி. கீமோ முடிஞ்சும் எதுவும் தங்க மாட்டேங்குது. வாய் வரைக்கும் போகும், அப்புறம் திரும்பி வந்துடும்." வானிலை சொல்வது போலச் சொன்னார்.

அறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கிடந்தது பழைய பாரின் நீளமான மர மேடை. மேடைக்கு அந்தப் பக்கம் அடுப்பும் பாத்திரமும். இந்தப் பக்கம் அவருடைய கட்டில். மேடையின் அடியில், கட்டில் பக்கமாக, கால் வைக்கும் பித்தளைக் குழாய் இன்னும் பளபளத்தது.

டெல்மா அந்தக் குழாய்மேல் ஒரு காலை வைத்தாள். மேடைமேல் சாய்ந்து, முகத்தை அந்தப் பக்கம் நீட்டினாள்.

"இப்படித்தான் குடிப்பாங்களா?"

லவோன் கடகடவென்று சிரித்தார். "இப்படியேதான்! காலு இந்தப் பக்கம், வாய் அந்தப் பக்கம். ஓக்லஹோமா போலீஸ்காரன் பின்னால நின்னு பாத்துட்டிருப்பான், ஒண்ணும் பண்ண முடியாது. எங்கப்பா கதை கதையாச் சொல்லுவாரு."

"ஹார்லனும் அதே மாதிரிதான் மாட்டியிருக்காரு. மேடைக்குக் கீழ என்ன இருக்கு?"

"சூறாவளி வந்தா ஒளியற நிலவறை. ஊறுகாய் வச்சிருக்கேன். படி உடைஞ்சிருக்கு, பாத்து இறங்கு."

படியில் இறங்கும்போது ரஸ்டி மேசையைத் தாண்டினான். ரோல் தட்டுக்குப் பக்கத்தில் தச்சர்கள் வைத்திருக்கும் நீள டேப் ஒன்று சுருண்டு கிடந்தது. 'ரோலை அளந்தா விக்கறாங்க?' என்று நினைத்தான். வாய் நிறைய ரோல் இருந்ததால் கேட்கவில்லை.

கீழே, ஊறுகாய்ப் புட்டிகளுக்குப் பின்னால், மேடைக்கு நேர் அடியில், அஸ்திவாரச் சுவரையே வளைத்துக் கட்டவைத்த ஒரு சுண்ணாம்புக் கல் தூண் மண்ணில் புதைந்து நின்றது. வடக்கு முகத்தில் கான்சாஸின் முதலெழுத்து. தெற்கு முகத்தில், ஓக்லஹோமா என்ற பேரே பிறக்காத காலத்தில் அந்த மண்ணுக்கு இருந்த பேரின் எழுத்துகள். செதுக்கிய பள்ளங்களில் பாசி.

டெல்மா பள்ளங்களை விரலால் தடவினாள். "இது பழைய குழி" என்றாள் மெதுவாக.

மேலே கார்க்கதவு அறைந்து சாத்தும் சத்தம்.

ராய்ஸ் டிட்வெல் காகிதத்தோடு வந்துவிட்டான். ஹாலின் வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். நல்ல பையன்தான். நாற்பது வயதிலும் அம்மாவைத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிறவன். ஆனால் சட்டையில் குத்திய நட்சத்திரத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான் என்று ஊரில் பேச்சு.

"மன்னிச்சுக்குங்க ஹார்லன். புட்டியைக் கொடுங்க. வண்டில ஹீட்டர் போட்டு வச்சிருக்கேன்."

"ராய்ஸ், ஒரு நிமிஷம்" என்றாள் நிலவறையிலிருந்து ஓடிவந்த டெல்மா.

"டெல்மாக்கா, சட்டம்..."

"சட்டம்தான் காட்டறேன். வா."

குழிகளைக் காட்டினாள். வடுக்களைக் காட்டினாள். ராய்ஸ் வடுவுக்கு வடு தாண்டித் தாண்டி வந்தான். பலகைச் சுவரைச் சுற்றி, அம்மா வீட்டுக்குள் நுழைந்து, நிலவறையில் இறங்கினான். டார்ச் வெளிச்சத்தில் கல்லின் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். கல் அசையவில்லை.

"சின்ன வயசில இதுமேலதான் உக்காந்து ஊறுகாய் திருடுவேன்" என்றான். "இதைப் போய் எல்லைக் கல்லுன்னு... இல்லக்கா, முறைப்படி நில அளவைக்காரங்க வந்து உறுதி பண்ணணும்."

"வரட்டும். அதுக்குள்ள ஹார்லனைக் கைது பண்றியா?"

ராய்ஸ் படியேறி வந்து மேடையைப் பார்த்தான். ஹாலின் திசையைப் பார்த்தான். பிறகு நீதிபதியின் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

"அளந்து முடியற வரைக்கும் நான் எங்க நிக்கறேன்னே எனக்குத் தெரியாது. எனக்கு அதிகாரம் இல்லாத மாநிலத்தில போய் ஒருத்தரைக் கைது பண்ணினா, என்னைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹார்லன் கூவினார். "அப்ப நான் சொட்டு மருந்து குடிக்கலாமா?"

"நான் எதையும் பாக்கல ஹார்லன்!"

"பாக்கவும் முடியாதுடா! நீ கான்சாஸ்ல இருக்க!"

ரஸ்டி கைதட்டினான். ராய்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதவர் லவோன் ஒருவர்தான். தன் கட்டிலின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். மெத்தையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ராய்ஸ், அப்ப இந்தக் கட்டில் எங்க இருக்கு?"

ராய்ஸ் திரும்பினான். மேடையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். அடுப்பு மேடைக்கு வடக்கே. கட்டில் தெற்கே. அவன் முகத்தில் கணக்கு ஒவ்வொரு வரியாக ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது.

"ஓக்லஹோமா" என்றான்.

"அப்ப நான் தூங்கறது?"

"ஓக்லஹோமா."

"மேற்கே கொலராடோவில குமட்டல் நிக்க இந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்கறாங்க. கிழக்கே மிசௌரில கொடுக்கறாங்க. தெற்கே, இதோ இந்தத் தெருமுனைல கொடுக்கறாங்க. நடுவில நான் மோந்து பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார் லவோன். "ஹார்லன் போன மாசமே நாலு சொட்டு தர்றேன்னான். வேண்டாம்னுட்டேன். குடிச்சா என் பிள்ளை என்னையே பிடிக்கணும். பிடிக்கலைன்னா அந்த நட்சத்திரத்தைக் கழட்டி வைக்கணும். ரெண்டுமே எனக்கு ஆகாது."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டான். மறுபடி கழற்றினான்.

"அளக்கிறவங்களுக்கு இப்பவே போன் பண்றேம்மா. அவங்க எழுதிக் கொடுத்ததும் தெற்கே டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"யூனிஃபார்ம்ல வராதேடா. கடைக்காரன் ஓடிடுவான்."

வெளியே காற்று இன்னும் வடக்கிலிருந்தே வீசியது. இழுவை வண்டியில் ஏறியதும் ரஸ்டி ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"எல்லாம் சரி சித்தி. இன்னொரு ஆளு பாக்கி. காலைல ராய்ஸுக்குப் பேர் சொல்லாம போன் பண்ணி ஹார்லனைக் காட்டிக் கொடுத்தது எந்தத் துரோகி?"

"போன்ல என்ன சொன்னாங்களாம்? ராய்ஸ் சொன்னானே."

"'கோமாளியோட தலை கான்சாஸில தூங்குது. கேமரா கொண்டு வரியோ இல்லையோ, அளக்கறதுக்கு டேப் கொண்டு வா'ன்னு."

"காட்டிக் கொடுக்கிறவங்க எதுக்கு டேப் கேக்கறாங்க?"

ரஸ்டியின் வாய் திறந்தது. தட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த டேப் நினைவுக்கு வந்தது. "லவோன் அம்மாவா? பெத்த பிள்ளைக்கே போனா? குரல் தெரியாதா அவனுக்கு?"

"பாட்டுக்காரி. அவங்களுக்கு எத்தனை குரல் வேணும்?"

"ஆனா ஹார்லன் உள்ள போயிருந்தா?"

"அதனாலதான் போன் பண்றதுக்கு முந்தின நாளே ஒரு துப்பறிவாளரை ஏற்பாடு பண்ணிட்டாங்க."

வண்டி கிளம்பவில்லை. ரஸ்டி சாவியைத் திருப்ப மறந்திருந்தான்.

"நேத்து ஆபீஸுக்கு வந்தவங்க கல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசல" என்றாள் டெல்மா. "'எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னா அது பெத்தவ பேச்சாப் போயிடும், நீயா கண்டுபிடிச்சாத்தான் ராய்ஸ் நம்புவான்'னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. 'எல்லையை அளங்கடான்னு மாவட்ட ஆபீஸ்ல மூணு தடவை கேட்டுட்டேன். ஒரு நோயாளி கூப்பிட்டா டேப்போட ஒருத்தன் வரமாட்டேங்கறான். ஒரு குற்றவாளி இருக்கான்னு சொல்லு, மாநிலமே ஓடி வரும்'னாங்க."

"அப்ப புகார் கொடுத்தவங்களும் நம்மளை வச்சவங்களும்..."

"வண்டியை எடு."

"முன்பணம்? முன்பணம் வந்துதுன்னீங்களே சித்தி! அது எங்க?"

டெல்மா இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு அவன் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆறு பட்டை ரோல், ஒரு சட்டி சில்லி. ரசீது வேணும்னா சட்டைல இருக்கற கறையைக் காட்டு."